ஒரு குழாய் அடைபட்டால் இதயத்தின் நல்ல பக்கம் என்ன செய்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாரடைப்பு வந்து, கண்டிக்கோ கொழும்புக்கோ போய் அஞ்சியோகிராம் (இதயக் குழாய்களுக்குள் சாயம் செலுத்தி எடுக்கும் படம்) செய்துகொண்டு வருகிறவர்கள் பலர் ஒரே செய்தியோடுதான் மலைக்குத் திரும்புகிறார்கள்: "ஒரு குழாயிலதான் அடைப்பாம், மத்த ரெண்டும் நல்லா இருக்காம்." வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. நியாயமான நிம்மதிதான். ஆனால் அந்த நல்ல பக்கம் அடைப்பு வந்த நாளிலிருந்து என்ன பாடுபடுகிறது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை. செத்துப்போன தசையைத் திரும்பப் பெற முடியாது. இனி அந்த மனிதரை நடமாட வைக்கப்போவது மிச்சமிருக்கும் தசைதான். அதனால் அதைப் பற்றிய கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். நுவரெலியா, ஹட்டன், பதுளைப் பக்கத்துக் கிளினிக்குகளில் நோயாளிகளும் அவர்களைக் கூட்டிவரும் பிள்ளைகளும் கேட்பவை இவை. இதைப் படித்துவிட்டு உங்கள் கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கும் மருந்தை நீங்களாக மாற்ற வேண்டாம். டொக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது தெளிவானால் போதும்.

முதலில் சுருக்கமாகச் சொல்லுங்கள். ஒரு குழாய் அடைபட்டால் நல்ல தசைக்குப் போகும் இரத்தம் கூடுமா, குறையுமா?

இரண்டும் நடக்கும். சும்மா படுத்திருக்கும்போது அங்கே ஓடும் இரத்தம் வழக்கத்தைவிடக் கூடலாம். ஆனால் மேடு ஏறும்போதோ பாரம் தூக்கும்போதோ அதை இன்னும் கூட்டிக்கொள்ளும் திறன் குறைந்துவிடும். அந்தத் திறனைக் கையிருப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: உடம்பின் பிரஷர் விழாமல் நிற்க வேண்டும். பிரஷர் விழுந்துவிட்டால் நல்ல பக்கத்தின் ஓட்டமும் சேர்ந்து விழும்.

இதயம் முழுக்க இரத்தம்தானே இருக்கிறது? அதற்கு ஏன் தனிக் குழாய்?

இதயத்தின் அறைகளுக்குள் ஓடும் இரத்தம் உட்சுவரின் மிக மெல்லிய படலத்தைத்தான் நனைக்கிறது. சுவரின் தடிப்பு முழுவதற்கும் உணவும் ஒட்சிசனும் வெளியிலிருந்து வரும் கொரோனரி குழாய்கள் வழியாகத்தான் போக வேண்டும். பெரிய குழாய்கள் மூன்று. இடது பக்கத்தில் ஒரே தண்டாகப் புறப்பட்டு இரண்டாகப் பிரிபவை இரண்டு. ஒன்று இதயத்தின் முன்சுவருக்குப் போகிறது, மற்றது பக்கவாட்டுக்கும் பின்பக்கத்துக்கும். மூன்றாவது வலது பக்கத்துக் குழாய். பெரும்பாலானவர்களுக்கு இதயத்தின் அடிப்பக்கத்தையும் அதுவே பார்த்துக்கொள்கிறது. தொடக்கத்தில் இவற்றின் உள் அகலம் 3 முதல் 4 மில்லிமீற்றர்தான்.

ஓய்வாக இருக்கும் ஒருவருடைய இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 250 மில்லிலீற்றர் இரத்தத்தைத் தனக்கென எடுத்துக்கொள்கிறது. அது வெளியே தள்ளும் மொத்த இரத்தத்தில் இது சுமார் 5 சதவீதம். இங்கே ஒரு விஷயம் முக்கியம். உடம்பின் மற்ற உறுப்புகள் வந்த இரத்தத்திலிருந்து சராசரியாகக் கால்வாசி ஒட்சிசனைத்தான் எடுக்கின்றன. இதயத் தசையோ ஓய்விலேயே 70 முதல் 75 சதவீதம் வரை எடுத்துவிடுகிறது. கூட வேண்டுமென்றால் வந்த இரத்தத்திலிருந்து இன்னும் எடுக்க அதிகம் மிச்சமில்லை. இரத்தமே கூட வந்தாக வேண்டும். நல்ல குழாய்கள் உள்ள ஒருவருக்கு அது மூன்று முதல் ஐந்து மடங்கு வரை கூடும். அந்த மடங்குக் கணக்குதான் கையிருப்பு.

இன்னொன்று. இடது பக்க இதயத் தசைக்கு இரத்தம் பெரும்பாலும் ஓடுவது இதயம் சுருங்கும்போது அல்ல, தளரும்போதுதான். சுருங்கும்போது தசை தன் குழாய்களையே நெருக்கிவிடுகிறது. நாடித்துடிப்பு ஏற ஏற அதிகம் வெட்டுப்படுவது தளரும் நேரம்தான். வேலை கூடுகிற நேரத்தில் இரத்தம் வாங்கும் நேரம் குறைகிறது. ஆரோக்கியமான இதயம் இதைச் சமாளிக்கும். கையிருப்பு குறைந்த இதயத்துக்கு இது பெரிய இடி.

70 சதவீத அடைப்பு என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் வீட்டில் இருக்கும்போது ஒன்றுமே இல்லையே?

எங்களிடம் அதிகம் கேட்கப்படுவது இந்தக் கேள்விதான். "வலி இல்ல, அப்ப பெரிய வருத்தம் இல்லதானே" என்று மாத்திரையை நிறுத்தியவர்களையும் பார்த்திருக்கிறோம். அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

தோட்டத்துத் தண்ணீர் லைனை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே தொட்டி, அதிலிருந்து இறங்கும் பெரிய குழாய், லயத்து வாசலில் பைப். இடையில் பெரிய குழாய்க்குள் பாசியும் மண்ணும் படிந்து ஒடுங்கிவிட்டது என்று வைப்போம். அது வரை பாதிதான் திறந்திருந்த பைப்பை இப்போது முழுதாகத் திறந்துவிட்டால் குடத்துக்குப் பழைய வேகத்திலேயே தண்ணீர் விழும். குறை வெளியே தெரியாது. ஆனால் அதற்கு மேல் திறக்க இனி இடமில்லை. கூடத் தண்ணீர் தேவைப்படும் நாளில்தான் தெரியவரும். இதயத்தில் அந்தப் பைப்பின் வேலையைச் செய்பவை பெரிய குழாய்களின் நுனியில், தசைக்குள் பரவிக் கிடக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள். தசைக்கு ஒட்சிசன் குறைந்தால் அங்கே உருவாகும் அடினோசின் போன்ற பொருள்களும், குழாயின் உட்சுவர் விடும் நைட்ரிக் ஒக்சைட்டும் அவற்றை விரிக்கின்றன. தண்ணீர்ப் பைப்பை ஒருவர் கையால் திருக வேண்டும், இவை தாமாகவே திறந்து மூடுகின்றன. அவ்வளவுதான் வித்தியாசம்.

1974இல் அமெரிக்காவில் லான்ஸ் கூல்டும் அவரோடு இருந்தவர்களும் நாய்களின் இதயக் குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி இதை அளந்து பார்த்தார்கள். குழாயின் அகலம் ஏறத்தாழ 85 சதவீதம் சுருங்கும்வரை ஓய்வு நேர ஓட்டம் விழவில்லை. ஆனால் உச்ச ஓட்டம் 30 முதல் 45 சதவீதச் சுருக்கத்திலேயே குறையத் தொடங்கிவிட்டது. ஆக, வாசலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கும்போது வலி இல்லை என்பது குழாய் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சாட்சி அல்ல. கையிருப்பைச் செலவழித்துத்தான் அந்த நிம்மதி வருகிறது.

அந்த 70 என்பதும் பொதுவாக அகலத்தின் கணக்கு. அகலம் 70 சதவீதம் போனால் மிச்சமிருக்கும் வழியின் பரப்பு பழையதில் 9 சதவீதம்தான்.

சரி, திடீரென்று முழுதாக அடைபட்டால் அந்த நேரத்தில் உள்ளே என்ன நடக்கிறது?

அடைபட்ட பக்கத்துத் தசை வலி பெரிதாகும் முன்பே வேலையை நிறுத்திவிடுகிறது. 1935இல் டெனன்ட், விகர்ஸ் என்ற இருவர் காட்டியது இது: குழாயைக் கட்டிய ஒரு நிமிடத்துக்குள் அந்தப் பகுதி சுருங்குவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு துடிப்பின்போதும் வெளிப்பக்கம் உப்புகிறது. ஆனால் உடனே சாவதில்லை. சாவு சுவரின் உட்பக்கத்தில் தொடங்கி, மணிக்கணக்கில் வெளிப்பக்கம் நோக்கி நகர்கிறது. 1970களில் ரைமரும் ஜென்னிங்ஸும் நாய்களில் செய்த ஆய்வுகளில் தெளிவானது அது. அடைப்பைச் சீக்கிரம் திறக்கச் சொல்லி நாங்கள் அவசரப்படுத்துவது இதனால்தான்.

இனி நல்ல பக்கம். ஒரு சுவர் வேலை செய்யாவிட்டாலும் உடம்புக்குத் தேவையான இரத்தம் போய்த்தான் ஆக வேண்டும். வெளியே தள்ளப்படாமல் தங்கிய இரத்தம் அறையை நிரப்பி நல்ல சுவரை இழுத்து நீட்டுகிறது. நீண்ட தசை அடுத்த துடிப்பில் இன்னும் பலமாகச் சுருங்கும், அது இதயத்தின் இயல்பு. அதோடு வலியும் பயமும் கிளப்பிவிடும் அட்ரினலின் வகை ஹோர்மோன்கள் துடிப்பையும் வேகத்தையும் ஏற்றுகின்றன. இதயத்தின் அசைவைக் காட்டும் எக்கோ ஸ்கேன் திரையில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். முன்சுவர் அசையாமல், சில நேரம் தடித்த தோல் மாதிரி வெறுமனே ஆடிக்கொண்டு நிற்கும். எதிரே உள்ள பின்சுவரோ ஒவ்வொரு துடிப்புக்கும் உள்ளே பாய்ந்து, தடித்து, சட்டென்று பின்வாங்கும். சாதாரண ஆளின் எக்கோவில் அந்தச் சுவர் இவ்வளவு துள்ளாது. முன்பின் எக்கோ பார்க்காத மகனுக்கோ மகளுக்கோ திரையைத் திருப்பிக் காட்டினால்கூட உடனே பிடிபடும்.

வேலை கூடினால் இரத்தம் கூட வேண்டும் என்று மேலே சொன்னேன் அல்லவா? நல்ல சுவரின் நுண்குழாய்கள் விரிந்து ஓய்விலேயே கூடிய ஓட்டத்தை எடுத்துக்கொள்கின்றன. பிரஷர் நிற்கும்வரை இது நடக்கும்.

அந்தத் துள்ளல் நல்லதா, கெட்டதா?

முதல் நாட்களில் நல்லது. அது இருந்தால் இதயம் தள்ளும் மொத்த அளவு பெரிதாக விழாது. மாரடைப்பின் முதல் நாட்களில் எதிர்ச்சுவர் துள்ளாமல் இருந்தால்தான் எங்களுக்குக் கவலை. அங்கே போகும் குழாயிலும் பழைய அடைப்பு இருக்கலாம் என்ற சந்தேகம் வரும். மூன்று குழாயிலும் நோய் உள்ளவர்களிடம் இந்தத் துள்ளல் குறைவாகவே காணப்படுகிறது, அவர்களுடைய ஆபத்தும் அதிகம். ஆனால் மாதக்கணக்கில் நீட்சியும் அதிக வேலையும் தொடர்ந்தால் நல்ல தசையும் உருமாறுகிறது. அறை அகன்று, சுவரில் நார் படிந்து, கடைசியில் இதயம் முழுவதுமே தளர்ந்துபோகும். மருந்துகளில் பாதி வேலை இதைத் தடுப்பதுதான்.

"மற்றக் குழாய்கள் கிளீன்" என்றார்கள். பிறகு எப்படி அங்கே கையிருப்பு குறையும்?

அஞ்சியோகிராமில் தெரிவது பெரிய குழாய்கள் மட்டும். ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் நுண்குழாய்கள் அந்தப் படத்தில் தெரியாது. அங்கே ஏற்படும் கோளாறு படத்தில் கிளீனாகத்தான் இருக்கும்.

1994இல் லண்டனில் யூரென் என்பவரும் குழுவினரும் இதை நேரடியாக அளந்து வெளியிட்டார்கள். ஒரே குழாயில் அடைப்பு வந்து மாரடைப்புக்கு ஆளானவர்களை எடுத்து, பெட் ஸ்கேன் என்ற முறையில், மருந்து கொடுத்து நுண்குழாய்களை விரியவைத்து, தசைக்கு எவ்வளவு இரத்தம் போகிறது என்று பார்த்தார்கள். பாதிக்கப்பட்ட பக்கத்தில் கையிருப்பு குறைந்திருந்தது எதிர்பார்த்ததுதான். எந்த அடைப்பும் இல்லாத குழாய் போகும், மாரடைப்பு தொடாத பக்கத்திலும் அது குறைந்திருந்தது. ஒரு வாரத்தில் நன்றாகவே குறைவு. 6 மாதம் கழித்துப் பார்த்தபோது ஓரளவு தேறியிருந்தது. 1999இல் கிப்சன் என்பவரின் குழு வேறு வழியில் இதையே கண்டது. அஞ்சியோகிராம் படத்தில் சாயம் குழாயின் நுனியை எட்ட எத்தனை படச் சட்டங்கள் ஆகின்றன என்று எண்ணினார்கள். மாரடைப்பு வந்தவர்களின் அடைபடாத குழாயிலும் சாயம் மெதுவாகத்தான் நகர்ந்தது. அடைபட்ட குழாயைத் திறந்தபோது அடைபடாத குழாயின் ஓட்டமும் வேகம் பிடித்தது.

காரணம் ஒன்று அல்ல. முதலாவது வெறும் கணக்கு. ஒரு பேச்சுக்கு எண்களை வைத்துப் பாருங்கள்: ஓய்வில் 1 பங்கு ஓடி, உச்சத்தில் 4 பங்கு ஓடினால் கையிருப்பு 4 மடங்கு. வேலைப் பளுவால் ஓய்வு ஓட்டமே 1.5 ஆகி, உச்சம் 3க்கு இறங்கினால் கையிருப்பு 2 மடங்குதான். உச்சம் ஏன் இறங்குகிறது? அட்ரினலின் வகை ஹோர்மோன்கள் நுண்குழாய்களை இறுக்கவும் செய்யும். செத்த தசையால் எழும் அழற்சி இரத்தத்தில் கலந்து குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கிறது, விரிய வேண்டிய நேரத்தில் அவை சரியாக விரிவதில்லை. அறைக்குள் தேங்கிய இரத்தம் தளரும் நேரத்திலும் சுவரை உள்ளிருந்து அழுத்துகிறது. சுவரின் உட்பக்கம் ஏற்கனவே சிரமப்பட்டு இரத்தம் வாங்கும் இடம், முதல் அடி அங்கேதான் விழும். துடிப்பு கூடித் தளரும் நேரமும் குறைந்திருந்தால் சொல்லவே வேண்டாம்.

என் பார்வையில் நோயாளிக்குக் கட்டாயம் சொல்ல வேண்டிய விஷயம் இது. மாரடைப்பு ஒரு மூலையில் நடந்து முடிந்துபோகும் சம்பவம் அல்ல. முதல் வாரங்களில் இதயம் முழுவதுமே குறைந்த கையிருப்போடு ஓடுகிறது.

நல்ல குழாய் அடைபட்ட பக்கத்துக்கு இரத்தம் கொடுக்காதா? "தானாகவே பைபாஸ் ஆகியிருக்கு" என்று ஒருவருக்குச் சொன்னார்களாம்.

கொடுக்கும், சிலருக்கு. கொரோனரி குழாய்களுக்கு இடையே மெல்லிய இணைப்புகள் பிறப்பிலேயே இருக்கின்றன. அடைப்பு வருடக்கணக்கில் மெதுவாக வளர்ந்தால், இரண்டு பக்கத்துக்கும் இடையே எழும் அழுத்த வித்தியாசத்தால் அந்த இணைப்புகளில் ஓட்டம் பிறந்து அவை அகலமாகின்றன. குழாய் முழுதாக அடைந்தும் அந்தப் பக்கத்துத் தசை உயிரோடு இருக்கும் ஆட்கள் உண்டு. திடீர் அடைப்பில் இதற்கு அவகாசம் இல்லை. விலங்குகளிலேயே பெரிய வித்தியாசம் இருக்கிறது. கினிப் பன்றிக்கு இந்த இணைப்புகள் ஏராளம், குழாயைக் கட்டினாலும் தசை பிழைத்துவிடும். சாதாரணப் பன்றிக்கு மிகக் குறைவு. மனிதர்களில் ஆளுக்கு ஆள் மாறும்.

ஆனால் கொடுக்கும் பக்கத்துக்கு அது சும்மா வருவதில்லை. அந்தக் குழாய் இப்போது இரண்டு பிரதேசங்களுக்கு இரத்தம் கொண்டுபோகிறது. அதில் நடுத்தரமான ஒரு சுருக்கம் இருந்தால், தனக்கு மட்டும் போதும் என்று இருந்தபோது பொருட்படுத்தத் தேவையில்லாத அதே சுருக்கம் இப்போது இரண்டு பக்கத்தையும் தொந்தரவு செய்யும். முழுதாக அடைபட்ட குழாயைத் திறந்த பிறகு, கொடுத்துக்கொண்டிருந்த குழாயின் அழுத்த அளவு கொஞ்சம் நல்லபடி மாறுவது இதனால்தான்.

இன்னொரு சங்கடமும் உண்டு. இணைப்புகளை நம்பி வாழும் பக்கத்தின் நுண்குழாய்கள் ஏற்கனவே முழுதாக விரிந்து கிடக்கின்றன. நுண்குழாய்களை விரிக்கும் மருந்தை ஏற்றினால் நல்ல பக்கம் மட்டுமே புதிதாக விரியும். அங்கே ஓட்டம் அள்ளிக்கொண்டு போக, இணைப்பின் வாயில் அழுத்தம் இறங்கி, இல்லாத பக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்ததும் குறையலாம். இதயத்துக்குள்ளேயே நடக்கும் இரத்தக் களவு என்று இதைச் சொல்லலாம். டைபிரிடமோல், அடினோசின் போன்ற மருந்துகளைக் கொடுத்துச் செய்யும் ஸ்கேன்கள் இந்த ஏற்றத்தாழ்வைத்தான் வெளிப்படுத்துகின்றன.

எங்கள் ஊர்க் குளிரும் மேடும் இதில் ஏதாவது செய்யுமா?

செய்யும். சமவெளியில் இருப்பவர்களுக்காக எழுதிய அறிவுரைத் துண்டை இங்கே அப்படியே கொடுக்க முடியாது.

குளிரை எடுப்போம். விடிகாலைப் பனியில் பீலிக்கரையில் முகம் கழுவும்போது தோலின் குழாய்கள் சுருங்கிப் பிரஷர் ஏறுகிறது, இதயத்தின் வேலை கூடுகிறது. கையைப் பனித்தண்ணீரில் வைத்துப் பார்க்கும் ஆய்வுகளில், நல்ல உட்சுவர் உள்ள கொரோனரி குழாய்கள் விரிந்து கொடுத்தன. நோய்பட்டவை விரிவதற்குப் பதில் சுருங்கின. ஆக, தேவை கூடும் அதே நேரத்தில் வரவு குறைகிறது. காலை ஐந்தரைக்குச் சுவெட்டர் இல்லாமல் வெளியே வருவதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள்.

உயரம்: நுவரெலியா நகரம் 1,868 மீற்றரில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் சுமார் 80 சதவீதம். பிறந்து வளர்ந்த உடம்பு அதற்குப் பழகியிருக்கும், ஆனால் கொழும்பில் சிகிச்சை பெற்று, அங்கே சொந்தக்காரர் வீட்டில் சில வாரம் இருந்து திரும்புகிறவர்கள் முதல் சில நாட்கள் நிதானமாக இருப்பது நல்லது.

எல்லாவற்றையும்விடப் பெரியது மேடு. கொழுந்துப் பையை முதுகில் சுமந்துகொண்டு சரிவில் ஏறி நிறுவைக்கு வருவது இதயத்துக்கு முழுக் கையிருப்பையும் கேட்கும் வேலை. பணிய லயத்திலிருந்து மேட்டு லயத்துக்குப் படியேறுவதே சிலருக்குப் போதும். இதோடு இரத்தச்சோகை இருந்தால் இன்னும் மோசம். இரத்தம் ஒட்சிசனைக் குறைவாகக் கொண்டுவருவதால் அதை ஈடுகட்ட ஓய்வு ஓட்டமே கூடிவிடுகிறது, கையிருப்பு அங்கேயே கரைகிறது. நெஞ்சு வலிக்காக வரும் தோட்டத்து அம்மாவுக்கு ஹீமோகுளோபின் பார்க்காமல் விடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. வெற்றிலையோடு போடும் புகையிலையும் அப்படித்தான். புகை இல்லாததால் இதயத்துக்கு ஒன்றும் செய்யாது என்று நினைக்கிறார்கள். நிக்கோட்டின் வாய் வழியாகவும் போய் துடிப்பையும் பிரஷரையும் ஏற்றும்.

அப்பாவுக்குச் சீனியும் பிரஷரும் இருக்கிறது. அவருக்கு நல்ல பக்கம் என்று ஒன்று இருக்குமா?

இருக்கும், ஆனால் அது குறைந்த கையிருப்போடுதான் தொடங்குகிறது. நீண்டநாள் பிரஷரால் சுவர் தடித்திருக்கும், தடித்த தசைக்கு ஏற்ற அளவு நுண்குழாய்கள் இருக்காது. சீனி வருத்தம் அந்த நுண்குழாய்களின் உட்சுவரைக் கெடுத்திருக்கும். இன்னொரு பொல்லாப்பு, சீனி உள்ளவர்களுக்கு வலி தெளிவாகத் தெரியாமல் மூச்சு வாங்கல், வியர்வை, களைப்பு என்று மட்டும் வரலாம்.

வலி வந்தால் எங்கே போவது? எங்கள் தோட்டத்திலிருந்து டவுனுக்கே ஒரு மணி நேரம்.

1990க்கு அடியுங்கள். சுவ செரிய அம்புலன்ஸ் இலவசம், 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி இப்போது நாடு முழுக்க ஓடுகிறது. அது வரப் பிந்தும் இடமென்றால் ஆட்டோவோ தோட்டத்து லொறியோ எது முதலில் கிடைக்கிறதோ அதில் ஈசிஜி எடுக்கக்கூடிய ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். நோயாளியை மேடு ஏற்றி ரோட்டுக்கு நடக்க வைக்காதீர்கள், நாற்காலியில் தூக்கிக்கொண்டு போங்கள். ஒரு பக்கம் நின்றுபோன இதயத்தின் நல்ல பக்கத்தை அந்த நேரத்தில் ஓட்டிக் களைக்க வைப்பது கொடுமை. அஸ்பிரின் ஒவ்வாமையோ, இரத்தம் வடியும் வயிற்றுப் புண்ணோ இல்லாதவருக்கு 300 மில்லிகிராம் அஸ்பிரினை மென்று விழுங்கக் கொடுக்கலாம். "கேஸ்தான், இஞ்சித் தண்ணி குடிச்சா சரியாயிடும்" என்று விடியும்வரை காத்திருந்தவர்களின் கதை எல்லா டிவிஷனிலும் ஒன்று இருக்கும்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக நேரமாகும் என்றால் கிட்ட உள்ள ஆஸ்பத்திரியிலேயே டெனெக்டிப்ளேஸ், ஸ்ட்ரெப்டோகைனேஸ் போன்ற, குழாயை அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட முடியும். பொதுவாக 12 மணி நேரத்துக்குள் போடுவார்கள், முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் போட்டால்தான் முழுப் பலன். அப்புறம் கண்டி போன்ற இடத்துக்கு அனுப்பி அஞ்சியோகிராம் செய்வார்கள்.

இவ்வளவு மாத்திரை ஏன்? எது நல்ல பக்கத்துக்கு?

பெரும்பாலானவை இரண்டு பக்கத்துக்கும். பிசோப்ரோலோல், அட்டெனோலோல் வகை துடிப்பைக் குறைக்கிறது. தளரும் நேரம் நீள்கிறது, நல்ல தசை இரத்தம் வாங்க அவகாசம் கிடைக்கிறது, வேலையும் குறைகிறது. அதைத் திடீரென்று நிறுத்தினால் துடிப்பு எகிறி வலியும் மாரடைப்பும் வரலாம். மருந்து முடிவதற்கு முன்னமே கிளினிக்குக்கு வரச் சொல்வது அதனால்தான். எனலாப்ரில், லோசார்டன் வகைகள் இதயம் அகன்று உருமாறுவதைத் தடுக்கின்றன. ஸ்டாட்டின் கொழுப்பைக் குறைப்பதோடு உட்சுவரையும் தேற்றுகிறது. நாக்கின் கீழ் வைக்கும் மாத்திரை பெரிய குழாய்களையும் உடம்பின் இரத்த நாளங்களையும் விரித்து இதயத்துக்கு வந்து சேரும் இரத்தத்தைக் குறைக்கிறது. அறையின் அழுத்தம் இறங்குவதால் சுவரின் உட்பக்கம் மூச்சு விடுகிறது. அதை உட்கார்ந்துகொண்டு வையுங்கள், நின்றால் தலை சுற்றி விழலாம். ஆண்மைக்கான மாத்திரை எதையும் எடுத்திருந்தால் இதை வைக்கவே கூடாது, டொக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள்.

இந்தக் கையிருப்பை இங்கே அளக்க முடியுமா?

யூரென் செய்த மாதிரி நேரடியாக அளக்கும் பெட் ஸ்கேன் நமக்குக் கிட்டிய வசதி அல்ல. ஆனால் ஈசிஜி, எக்கோ, டிரெட்மில்லில் நடக்கவைத்துப் பார்க்கும் சோதனை ஆகியவற்றிலிருந்தே நிறையத் தெரிந்துகொள்ளலாம். டிரெட்மில்லில் எத்தனையாவது கட்டத்தில் வலியோ ஈசிஜி மாற்றமோ வந்தது என்பது கையிருப்பைப் பற்றிய நல்ல சேதி. வீட்டிலேயே ஒரு கணக்கு வைத்திருங்கள்: எந்தப் படியில், எந்த மேட்டில் நிற்க வேண்டியிருக்கிறது? போன மாதம் கோயில்வரை நிற்காமல் போனவர் இந்த மாதம் பாதியில் நிற்கிறார் என்றால் அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் வாருங்கள்.

எப்போது மலைக்கு வேலைக்குப் போகலாம்? சிவனொளிபாத மலை ஏறலாமா?

எல்லோருக்கும் ஒரே திகதி கிடையாது. எவ்வளவு தசை போனது, எக்கோவில் இதயம் எவ்வளவு தள்ளுகிறது, மற்றக் குழாய்கள் எப்படி என்பவற்றைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பாரம் தூக்கும் வேலைக்குப் பொதுவாகக் கிழமைக்கணக்கில் பொறுக்க வேண்டும். கொழுந்தெடுப்பவர் என்றால் முதலில் பை சுமக்காத, சமமான இடத்து வேலை கொடுக்கச் சொல்லி டொக்டரிடம் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்காகப் படுத்தே கிடக்கவும் கூடாது. 2000இல் ஜெர்மனியில் ஹம்பிரெக்ட் என்பவரின் குழு காட்டியது: கொரோனரி நோய் உள்ளவர்கள் நாலு கிழமை முறையான உடற்பயிற்சி செய்ததில் குழாய்களின் உட்சுவர் தேறியது, கையிருப்பும் கூடியது. மாத்திரை இல்லாமல் நுண்குழாய்களைத் தேற்றும் வழி அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

தொடங்கும்போது பெக்டரிக்குப் போகும் ரோட்டு மாதிரிச் சமமான இடத்தில் பத்து நிமிடம் நடவுங்கள், வெயில் ஏறிய பிறகு. பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும். பேச்சு முறிந்து மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். சாப்பிட்ட உடனே வேண்டாம். ஒரு கிழமை சரியாகப் போனால் அடுத்த கிழமை ஐந்து நிமிடம் கூட்டுங்கள். சின்ன ஏற்றங்களை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

சிவனொளிபாத மலை 2,243 மீற்றர். ஹட்டன் பக்கத்திலிருந்து ஏறினால் ஆயிரக்கணக்கான படிகள், அதுவும் பெரும்பாலும் நடுராத்திரிக் குளிரில். மேலே சொன்ன குளிர், மேடு, உயரம் மூன்றும் ஒரே இரவில் சேர்கின்றன. மாரடைப்பு வந்த அதே சீசனில் வேண்டாம். அடுத்த சீசனுக்கு ஆசை இருந்தால், அதற்கு முன் டிரெட்மில் சோதனை செய்து, டொக்டர் சரி என்று சொன்ன பிறகு, பகலில், தனியாக அல்லாமல் போங்கள். நாக்கின் கீழ் வைக்கும் மாத்திரை சட்டைப் பையில் இருக்கட்டும், கீழே விட்டுவரும் பேக்கில் அல்ல.